ஒத்தக்கால் ஷூவும் என் புக்கும்

எங்க ஊர் பக்கம் எந்த வீட்ல அலமாரியத் திறந்தாலும் ஷூ டப்பா தான் இருக்கும். ரேஷன் கார்டு ஒரு டப்பால, மாத்திரை ஒரு டப்பால, கரன்ட் பில்லு ஒரு டப்பால. ஆம்பூர்லயே பொறந்து வளந்தவங்களுக்கு இதெல்லாம் கண்ணுலயே படாது. எனக்கும் ரொம்ப வருஷம் படல. புக்கு வெக்க இடம் தேடினப்போ தான், வீடு பூரா டப்பாங்க புடிச்சிருக்கறது தெரிஞ்சுது.

டப்பா கூட பரவால்ல. எங்க வீட்டுக்காரரு ஷூ கம்பெனியில பேக்கிங்ல இருக்காரு. ஃபாரின்காரனுக்குக் காட்ட சாம்பிள் செய்யறப்போ ஒரு கால் தான் செய்வாங்க. வேலை முடிஞ்சதும் அந்த ஒத்தக்கால் ஷூவைத் தூக்கிப் போட மனசு வராம, கேட்டு வாங்கிட்டு வந்துடுவாரு. "இன்னா லெதர் பாத்தியா, வெண்ணை மாதிரி இருக்குது"ம்பாரு. நல்ல லெதரு தான், யாரு இல்லன்னா? ஒரு கால்ல மட்டும் மாட்டிக்கிட்டு எங்க போறது? கேட்டா, "இருக்கட்டும், எதுக்காவது ஆவும்." இந்த "எதுக்காவது ஆவும்" காதுல விழுந்தாலே எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

நானும் ஷூ கம்பெனி தான், வேற கம்பெனி. செக்கிங். தையல் தப்பியிருந்தா, லெதர்ல கீறல் இருந்தா, அந்த எடத்துல சின்னதா ஒரு செவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டணும். அதனால என் பையில எப்பவும் ஸ்டிக்கர் தாள் கெடக்கும். கம்பெனி பஸ்ல போக வர குடும்ப நாவலா படிச்சித் தள்ளிட்டிருந்தேன். நூலகத்துல இருக்கற அம்மா ஒரு நாள் சலிச்சுக்கிட்டாங்க. "எல்லாத்துலயும் மாமியார் திட்றா, மருமவ அழுவுறா. வேற எதுனா படிச்சுப் பாரேம்மா." எனக்கு ரோஷம் வந்துடுச்சு. வேலூர் போறப்பல்லாம் பழைய புக்கு கடையில துழாவி வாங்க ஆரம்பிச்சேன். எறும்பைப் பத்தி ஒண்ணு, மலைய வெட்டி ரயில் பாதை போட்ட கதை ஒண்ணு, தெலுங்குலேர்ந்து வந்த கதைங்க, ஒரு நர்ஸம்மா தன் வாழ்க்கைய எழுதினது. மொதல்ல ஒண்ணும் புரியல. அப்புறம் கீழ வெக்க மனசு வரல. பஸ்லயும் கேன்டீன்லயும் படிச்சு, மனசுல தைச்ச எடத்துல எல்லாம் ஒரு அம்பை ஒட்டிடுவேன். என் கைக்கு வேற இன்னா கெடைக்கும்?

ஒரு நாள் புக்கோட நூலகத்துக்குப் போனப்போ அந்த அம்பையெல்லாம் பாத்துட்டு தான் அந்த அம்மா, "ஞாயித்துக்கிழமை வாசகர் வட்டத்துல நீ பேசு"ன்னுட்டாங்க. பத்து பேர் முன்னால நான் வாயத் திறந்ததே இல்ல. சந்தோஷம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். வீட்ல மூச்சு வுடல, சொன்னா சிரிப்பாரு. அம்பு ஒட்டின எடத்தையெல்லாம் இன்னொரு வாட்டி பாத்துட்டுப் பேசிடலாம்னு தைரியமா இருந்தேன்.

ஆனா புக்குங்க கெடந்த லட்சணம்! அரிசி மூட்டைக்குப் பின்னால ஒண்ணு, கட்டிலுக்கு அடியில ஒண்ணு. அலமாரில ஒரே ஒரு தட்டு எனக்கு ஒழிச்சுக் குடுங்கன்னு கேட்டேன். ஃபோன்ல ஒரு அம்மா வீட்டை ஒழிக்கறது எப்படின்னு வீடியோ போடறாங்க. ஒரு வருஷமா தொடாததை யோசிக்காம வெளிய போடுங்கன்னு சிரிச்சிக்கிட்டே சொல்றாங்க. அவங்க வீட்ல ஒரு ஜன்னலும் ஒரு செடியும் தான் இருக்குது. எங்க வீட்டுக்காரரோட ஒரு நாள் குப்பை கொட்டிட்டு அப்புறம் சிரிக்கட்டும்.

சனிக்கிழமை வீடே பேஜாராப் போச்சு. நான் ஒரு ஷூவை மூட்டையில போட்டா, அவரு அதை எடுத்துத் தொடைச்சு வெளிய வெப்பாரு.

"இது ஜெர்மனி ஆர்டரு."

"ஜெர்மனிக்காரனே வேணாம்னுட்டான், உங்களுக்கு இன்னாத்துக்கு?"

மத்தியானத்துக்கு மேல தான் இறங்கி வந்தாரு. மூஞ்சத் தூக்கி வெச்சிக்கிட்டே ரெண்டு மூட்டை கட்டி வாசல்ல வெச்சாரு. தட்டு காலியாச்சு. ஈரத்துணியால தொடைச்சு, புக்குங்கள வரிசையா நிக்க வெச்சுப் பாத்தேன். மனசு நெறஞ்சு போச்சு. பாவம் மனுஷன், அவருக்குப் புடிச்ச மீன் வாங்கியாரலாம்னு கடைத்தெருவுக்குக் கெளம்பினேன்.

திரும்பி வந்தா, கீழ சம்மணம் போட்டு உக்காந்திருக்காரு. மடியில நர்ஸம்மா புக்கு. பக்கத்துல பஞ்சு, கம்பெனி கிளீனர் பாட்டிலு, பழைய பேப்பர் மேல செவப்பு செவப்பா ஸ்டிக்கர் குவியல். பேக்கிங்ல அதான் அவரு வேலையே. டப்பால போடறதுக்கு முன்னால ஒரு ஸ்டிக்கர் விடாம உரிச்சு, பசை தெரியாம தொடைக்கணும். ஒண்ணு தப்பினாலும் பெட்டி மொத்தமும் திரும்பி வந்துடும்.

"தட்டு தான் குடுத்தாச்சே, புக்கு ஏன் இப்படி அசிங்கமா நிக்கணும்? எல்லாத்தையும் முடிச்சிட்டேன். எங்கனா கறை இருக்குதா பாரு"ன்னு ஒண்ணை நீட்டினாரு. கறை இல்ல. ஒரு தாள் கூட கிழியல. இவர அடிக்கறதா, உக்காந்து அழறதான்னு எனக்குத் தெரியல.

கத்தினேன். நாளைக்கு நான் பேசணும், அதுக்குத் தான் இந்த அம்பெல்லாம்னு தெருவுக்கே கேக்கற மாதிரி கத்தினேன். மறைச்சு வெச்சதெல்லாம் அப்படியே கொட்டிடுச்சு. அவரு பஞ்சைக் கீழ போட்டுட்டாரு.

"கோவப்படாத. எங்கெங்கன்னு சொல்லு, இப்பவே திரும்ப ஒட்டித் தர்றேன்."

"எங்கெங்கன்னு தெரிஞ்சா நான் ஏங்க ஒட்டப் போறேன்!"

அவரு மடியில இருந்த புக்கைப் புரட்டினாரு, முன்னால கொஞ்சம், பின்னால கொஞ்சம். தட்டுல நின்ன மத்ததையும் ஒரு வாட்டி பாத்தாரு. அப்புறம் கிண்டலே இல்லாம, நெஜமாவே தெரிஞ்சுக்கற மாதிரி கேட்டாரு.

"அப்ப இதையெல்லாம் நீ படிச்சியா?"

ஸ்டிக்கர் போனதை விட அது தான் சுருக்குன்னுச்சு. இத்தன வருஷம் ஒரே வீட்ல இருந்துட்டு கேக்கற கேள்வியா இது? நானும் அவரை மாதிரி எதுக்காவது ஆவும்னு சேத்து வெச்சிருக்கேன்னு நெனச்சிருக்காரு மனுஷன். மீன் பைய அவரு கையில திணிச்சேன். எறும்பு புக்கை எடுத்துக்கிட்டு, அவரு எதிர்லயே கால நீட்டி உக்காந்து, மொதல் பக்கத்துலேர்ந்து படிக்க ஆரம்பிச்சேன்.