பதினோராம் நம்பர் பஸ்ஸில் இங்கிலீஷ்

எங்கள் கொரியாவில், மோக்போ ஊரின் மேட்டுத்தெருவெல்லாம் ஏறி இறங்கும் பதினோராம் நம்பர் மினி பஸ்ஸை ஓட்டுகிறவள் க்வாக் மிரான். வயது ஐம்பத்தொன்று. என்னைவிட இரண்டு வயது மூத்தவள் என்பதால் அக்கா என்று கூப்பிடுகிறேன், மற்றபடி மரியாதை எல்லாம் கிடையாது. அவள் பஸ் நிற்கும் நான்காவது நிறுத்தத்தில் எனக்கு அழகு நிலையம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் இரண்டு பேரும் புத்தகப்பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போவோம். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். பதினாறு வயதில் விட்ட படிப்பை ஐம்பதில் பிடிக்க வந்தவர்கள் எங்கள் வகுப்பில் இருபத்திரண்டு பேர் இருக்கிறோம்.

மிரான் அக்கா மற்ற எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டாள். கணக்கில் தொண்ணூறு. இங்கிலீஷில் மட்டும் போன வருடம் கவிழ்ந்தாள். ஒரே பாடத்தில் இரண்டாம் தடவையும் கவிழ்ந்தால் பெயரை அடித்துவிட்டு முதல் வருடத்திலிருந்து தொடங்கச் சொல்வது எங்கள் பள்ளியின் சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டவரை என் கடைக்கு அனுப்புங்கள், மொட்டை அடித்து அனுப்புகிறேன். ஆகவே இந்த டிசம்பரில் அறுபது மார்க் வாங்கினால் அவளுக்குச் சான்றிதழ். ஐம்பத்தொன்பது என்றால் மூன்று வருடப் பாடு தண்ணீரில் போச்சு.

பரீட்சைக்கு மூன்று வாரம் முன்பு, இங்கிலீஷ் சொல்லித்தரும் டாக் டீச்சர் மீள்பார்வை நடத்தினார். டீச்சருக்கு இருபத்தொன்பது வயதுதான், பேச்சு வேகம் ரயில் வேகம். உவமை, உருவகம், ஐரனி, சஸ்பென்ஸ் என்று இலக்கியச் சொற்கள் பதினொன்று. இங்கிலீஷ் வார்த்தைகள் இருநூறு. இதற்கு மேல் சொந்த அனுபவத்தை வைத்து இங்கிலீஷில் ஒரு பக்கக் கதை வேறு எழுத வேண்டும்.

"அக்கா, எனக்கு ஒண்ணும் மண்டையில ஏறல," என்றேன்.

"ஏறாம எங்க போகும்? என் பஸ்ஸு ஏறாத மேடா?"

மறுநாள் பஸ்ஸில் ஏறியவர்களுக்குத் தலை சுற்றியது. பதினொரு சொல், பதினொரு நிறுத்தம். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு சொல்லைப் பெயராக வைத்துவிட்டாள் மகராசி. ஒரே அச்சில் வார்த்த இரண்டு அடுக்குமாடிக் கட்டிடங்கள் நிற்கும் இடம் உவமை. மிட்டாய்க் கடைக்கு நேர் எதிரே பல் ஆஸ்பத்திரி இருக்கும் இடம் ஐரனி. பிரசவ ஆஸ்பத்திரி சஸ்பென்ஸ். மேட்டு உச்சி கிளைமாக்ஸ். என் கடை வாசலுக்கு மிகைப்படுத்தல் என்று பெயர். ஏன் என்று நான் கேட்கவில்லை, கேட்டிருந்தால் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பேன்.

ஒரே வாரத்தில் பஸ் மொத்தமும் இந்தக் கூத்தில் சேர்ந்துகொண்டது. கருவாடு விற்கும் சூ பெரியவர், "யம்மா, கிளைமாக்ஸ்ல கொஞ்சம் கூட நேரம் நிறுத்து, மூட்டை ரெண்டு இருக்கு," என்பார். கர்ப்பிணிப் பெண் ஒருத்தி, "சஸ்பென்ஸ்ல இறங்கணும், மெதுவா பிரேக் போடுங்க," என்பாள். ஏறுகிறவர்கள் பஸ் கார்டைத் தட்டிவிட்டு ஆளுக்கொரு இங்கிலீஷ் வார்த்தை கேட்க வேண்டும், அதற்கு அவள் அர்த்தம் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் பின் சீட்டுவரை ஊளைச் சத்தம். வெளியூர்க்காரர் ஒருவர் மட்டும், "உருவகம்னு ஒரு ஸ்டாப்பே மேப்புல இல்லையே," என்று கம்பெனிக்குப் புகார் போட்டார். மேனேஜர் போனில் கத்த, அக்கா பணிவாகக் கேட்டுக்கொண்டு, "சார், கோபத்துக்கு இங்கிலீஷ்ல மூணு வார்த்தை படிச்சிருக்கேன், சொல்லட்டுமா?" என்றாள். அவர் போனை வைத்துவிட்டார்.

பரீட்சைக்கு முந்தின நாள் சனிக்கிழமை நான் அந்த பஸ்ஸில் இருந்தேன். இறங்குகிற ஒவ்வொருவரும் படியில் நின்று, முஷ்டியை மடக்கி, "ஃபைட்டிங்," என்றார்கள். பந்தாட்டத்துக்குப் போனாலும் நேர்காணலுக்குப் போனாலும் நாங்கள் அதைத்தான் சொல்வோம். விடாதே, ஜெயிச்சுட்டு வா என்று அர்த்தம். சூ பெரியவர் சொன்னார். கர்ப்பிணிப் பெண் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையை மடக்கிச் சொன்னாள். மிரான் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினாள். நானும் என் நிறுத்தத்தில் முஷ்டியை மடக்கிச் சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன்.

பரீட்சையில் அவள் எழுதிய கதை அதுதான். கதைத் தாளை மட்டும் வெளியாள் திருத்துவார், எங்கள் டீச்சர் இரக்கப்பட்டு மார்க் போட்டுவிடக் கூடாதாம். பக்கத்து நகரமான க்வாங்ஜூவுக்குப் புதிதாக வந்திருக்கும் ஓர்லா என்ற அயர்லாந்துக்காரிக்குப் போயிற்று தாள்.

அடுத்த ஞாயிறு மார்க் வந்தது. எனக்கு அறுபத்து மூன்று, எப்படி என்று கேட்காதீர்கள். அக்காவுக்கு இலக்கியச் சொற்களிலும் இங்கிலீஷ் வார்த்தைகளிலும் சேர்த்து அறுபதுக்கு நாற்பத்தெட்டு. கதைக்கு நாற்பதுக்குப் பத்து. மொத்தம் ஐம்பத்தெட்டு.

தாளின் அடியில் ஓர்லா எழுதியிருந்ததை டாக் டீச்சர் வாசித்துக் காட்டினார். "நடை தெளிவு. ஆனால் முடிவை நம்ப முடியவில்லை. பயணிகள் ஒருவர் விடாமல் ஓட்டுநரோடு சண்டை போடுகிறார்கள். நிறைமாதக் கர்ப்பிணிகூட முஷ்டியை ஓங்குகிறாள். அப்புறம் ஏன் ஓட்டுநர் நன்றி சொல்லி ஆனந்தக் கண்ணீர் விடுகிறார்? எழுதியவர் பத்திரமாக இருக்கிறாரா?"

"சண்டையா? எங்க எழுதியிருக்கேன்?" என்றாள் அக்கா.

டீச்சர் தாளை இரண்டு தடவை படித்தார். அவருக்கே அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. மூன்றாம் தடவைதான் நெற்றியில் அடித்துக்கொண்டார். நாங்கள் பிறந்ததிலிருந்து சொல்லும் ஃபைட்டிங், இங்கிலீஷ்காரர்களுக்கு வெறும் அடிதடி. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. ஐம்பத்தெட்டு என்ற எண்ணின் மேலேயே விரலை வைத்திருந்தாள்.

டீச்சர் அங்கேயே ஓர்லாவுக்கு வீடியோ கால் போட்டார். எழுதியவரே இங்கிலீஷில் விளக்கினால் மறுபடி திருத்துவேன் என்றாள் அவள். திரையில் செம்பட்டை முடி, நல்ல அடர்த்தி. அக்கா எழுந்து நின்றாள்.

"என் பஸ், ஃபைட்டிங், அடி இல்ல," என்று தட்டுத்தடுமாறி இங்கிலீஷில் ஆரம்பித்தாள். "கை இப்படி. மனசு நல்லது."

ஓர்லாவுக்குப் பட்டென்று புரிந்துவிட்டது. அவளும் சிரித்துவிட்டு, "அப்படின்னா அந்த வார்த்தைய எடுத்துட்டு 'உற்சாகப்படுத்தினாங்க'ன்னு மாத்திடுங்க. நான் மார்க் போட்டுடறேன்," என்றாள்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. டீச்சர் பேனாவை நீட்டினார். அக்கா வாங்கவில்லை.

"பஸ்ஸுல அவங்க அப்படிச் சொல்லல," என்றாள். "நான் கேட்டது ஃபைட்டிங். மாத்தினா, பொய்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் தொடையைக் கிள்ளினேன். "இந்தா, உனக்கு மண்டை கிண்டை கழண்டு போச்சா? ரெண்டே ரெண்டு மார்க்குக்கா. எழுதித் தொலையேன்."

"சும்மா இருடீ," என்று என்னை அதட்டிவிட்டு, திரையைப் பார்த்து, "ஒரு வரி சேர்க்கலாமா?" என்று கேட்டாள்.

ஓர்லா தலையாட்டினாள். அக்கா பேனாவை வாங்கி, இருநூறு வார்த்தைகளில் தனக்குத் தெரிந்தவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எழுதினாள். ஒரு வரிக்குப் பத்து நிமிடம். பிறகு நின்றபடியே வாசித்தாள்: "என் பஸ்ஸில் இந்தச் சொல்லுக்கு, நீ தோற்றால் எனக்கும் வலிக்கும் என்று அர்த்தம்."

டீச்சர் தாளைத் திரைக்கு நேராகப் பிடித்தார். ஓர்லா அதை முதல் வரியிலிருந்து எங்களுக்கெல்லாம் கேட்கும்படி சத்தமாகப் படித்தாள். பழைய வார்த்தை எங்கேயும் மாறவில்லை, ஆனால் இப்போது கதை வேறாக இருந்தது. பத்தை அடித்துவிட்டு முப்பத்து மூன்று போடும்படி டீச்சரிடம் சொன்னாள்.

எண்பத்தொன்று. வகுப்பில் மேசையைத் தட்டினோம், ஆடினோம், டாக் டீச்சர் நாற்காலிமேல் ஏறிக் குதித்தார். அக்கா மட்டும் உட்கார்ந்து, புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள். அப்புறம் நிமிர்ந்து பார்த்தாள்.

"டீச்சர், பாஸாயிட்டேன் சரி. அடுத்த ஞாயித்துக்கிழமையிலருந்து நான் எங்க போறது?"

டீச்சர் நாற்காலியிலிருந்து இறங்கினார். "முதல்ல கிளிஞ்சல் நூடுல்ஸ் சாப்பிடலாம், எந்திரி," என்று அவள் பையை நான் தூக்கிக்கொண்டேன்.