சங்கரன்கோவில் ரோட்டில் அவிழ்க்கக் கூடாத முடிச்சு

காலை 9.10. திருவேங்கடத்தில் டவுன் பஸ் ஏறினேன். சங்கரன்கோவிலுக்குச் சுமார் இருபது கிலோமீட்டர். அங்கே ரயில் பிடித்து மதுரைக்கு, வீட்டுக்குப் போக வேண்டும்.

9.35. முன்னால் போன லோடு ஆட்டோவில் கட்டாமல் அடுக்கியிருந்த தகரம் ஒன்று சரிந்து, பக்கத்தில் வந்த பைக்காரரின் கெண்டைக்காலைக் கிழித்தது. ரத்தம் துடித்துத் துடித்துப் பீய்ச்சியது. ஆட்டோக்காரன் நிற்கவே இல்லை, பாவி.

முதலில் குதித்தவன் நான். வீரம் எல்லாம் இல்லை, படிக்கட்டை ஒட்டிய சீட். செல்போன் சார்ஜர் வயரை எடுத்து அவர் காலில் சுற்றினேன். ரத்தம் என்னை மதிக்கவில்லை. "ஐயோ, செத்தேன்!" என்று கத்தியது அவரல்ல, நான்தான்.

"அண்ணாச்சி, தள்ளுங்க. வயரு சதையத்தான் அறுக்கும்."

பஸ்ஸில் வந்த பேச்சியம்மாள், விசைத்தறித் தொழிலாளி. கூடையில் இருந்த ஒரு துணியைக் காயத்தில் வைத்து இரு கையாலும் அழுத்தினார். துணி நனைந்ததே தவிர, ரத்தம் நிற்கவில்லை. உடனே என் துண்டைப் பட்டையாக மடித்து, முட்டியைத் தாண்டித் தொடையில் கட்டினார். தன் கூடையிலிருந்து, தறிக்கு நூல் சுற்றும் தார்க்குச்சியை எடுத்து முடிச்சில் வைத்து, மேலே இன்னொரு முடிச்சுப் போட்டுத் திருகினார். வேல்சாமி அலறினார், அதுதான் பைக்காரர் பெயர்.

"வலிக்கத்தான் செய்யும் மக்கா, பொறு."

ரத்தம் நிற்கும்வரை திருகி, குச்சி சுழலாதபடி அதையும் கட்டினார். கண்டக்டரின் பேனாவால் காலில் 9.42 என்று எழுதினார்.

"இத எங்க படிச்சீங்க, அக்கா?" என்று கேட்டேன்.

"எங்க தறியில ஒருத்தனுக்குக் கை போச்சு. அதுக்கப்புறம்தான் நர்ஸம்மா வந்து சொல்லித் தந்தாவ."

108க்குச் சொல்லியாகிவிட்டது. அதற்குள் ஊரே டாக்டரானது. ஒருவர் காப்பித்தூள் கேட்டார். வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் குனிந்தார். "ஏட்டி, அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா அவுத்து விடணும்லா? பாம்பு கடிச்சா நாங்க அப்படித்தான செய்யுதோம்! கால் செத்துரும்."

அவர் கை முடிச்சுக்கே போனது. எனக்கு உச்சந்தலை கொதித்தது. ஆனால் அடித்துத் தள்ளியது பேச்சியம்மாள்தான்.

"தொட்டீருன்னா பாத்துக்கிடும்! அவுத்தா மிச்ச ரத்தமும் போயிரும். டாக்டர்தான் அவுக்கணும். பாம்புக்கே கட்டக் கூடாதுங்காவ, நீரு எந்தக் காலத்துல இருக்கீரு வே?"

நான் அடைகாக்கும் கோழியைப்போல் முடிச்சை அணைத்து உட்கார்ந்துகொண்டேன். என் நடுக்கத்தைப் பார்த்து, எனக்கு வலிப்பு என்று நினைத்தோ என்னவோ, அதன்பின் ஒருவரும் கிட்டே வரவில்லை.

10.30. சங்கரன்கோவில் ஆஸ்பத்திரி. சட்டை ஏற்கெனவே பாழ் என்பதால் ஆம்புலன்ஸில் நான்தான் கூட வந்தேன். டாக்டர் காலில் இருந்த நேரத்தைப் படித்தார். "நடுவுல அவுக்கலையே?" இல்லை என்றேன். உள்ளே கொண்டுபோனார்கள்.

பகல் 1.40. "உயிருக்குப் பயமில்லை, காலும் தப்பிச்சுது" என்றார் டாக்டர். ரயில்வே ஸ்டேஷனிலிருந்து, பேச்சியம்மாள் தந்திருந்த நம்பருக்குப் போன் போட்டுச் சொன்னேன். தறிச் சத்தத்துக்கு மேலே அவர் குரல் வந்தது.

"நல்லது அண்ணாச்சி. அந்தத் தகரக்காரன் வண்டி நம்பர் யார்ட்டயாவது இருக்கா?"

கண்டக்டருக்கும் போன் போட்டு விசாரித்தேன். ரோட்டில் பத்துப் பேராவது வீடியோ எடுத்திருந்தார்கள். பத்திலும் ரத்தம் இருக்கிறதாம், என் அலறல் இருக்கிறதாம். வண்டி நம்பர் ஒன்றில்கூட இல்லை.