சாமிப் பெட்டியில் வைத்த பட்டம்

17.6.2019: கல்லூரிச் சேர்க்கை, ரூ. 1,930.
21.7.2023: பட்டமளிப்பு விழாவுக்கு ஜீப், ரூ. 3,500.
6.8.2023: பேனர் இரண்டு, ரூ. 4,800. மைக் செட், ரூ. 3,000. சால்வை பதினேழு, ரூ. 2,550.
25.3.2024: சென்னைப் பயணம், செலவு இல்லை.

சிவசங்கரியின் படிப்புக்கும் புகழுக்கும் ஆன கணக்கு இது. புதூர்நாட்டு மலையில் சாமையும் புளியும் விளைவிக்கும் துரைக்கண்ணுவின் ஒரே மகள். தாவரவியலில் பல்கலைக்கழகத்திலேயே முதலிடம். மூன்று ஆண்டுகளில் ஒரு தாளில்கூட எண்பத்தெட்டுக்குக் கீழே இறங்காதவள். கல்லூரிக்காரர்கள் அவள் படத்தை வாசலில் மாட்டி அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்கு விளம்பரம் செய்துகொண்டார்கள். பதக்கம் தங்கம்தானா என்று துரைக்கண்ணு திருப்பத்தூரில் உரசிப் பார்த்தார். வெள்ளிமேல் பூசிய முலாம். அதை என்னிடம் மட்டும் சொன்னார்.

எங்கள் ஊர் சும்மா இருக்குமா? ஆடித் திருவிழாவோடு சேர்த்துப் பாராட்டு விழா வைத்தது. ஒன்பது பேர் பேசினார்கள். அவள் படித்த படிப்பின் பெயரைச் சரியாகச் சொன்னவர் ஒருவரும் இல்லை. ஒருவர் டாக்டர் என்றார், இன்னொருவர் வருங்காலக் கலெக்டர் என்றார். முடிவில் ஊர்க்கவுண்டர் சக்கரவர்த்தி எழுந்து, பதக்கமும் பட்டமும் அம்மனுக்கே சேரவேண்டும் என்று அறிவித்தார். துரைக்கண்ணு மெய்சிலிர்த்துப் போய், மகள் கையிலிருந்த சான்றிதழ்க் கோப்பை அப்படியே வாங்கிக் கொடுத்துவிட்டார். பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் எல்லாம் அதற்குள்தான். சாமிப் பெட்டியில் அம்மன் நகைகளோடு வைத்துப் பூட்டினார்கள். பெட்டிக்கு மூன்று பூட்டு, சாவிகள் மூன்று ஊர்க் கவுண்டர்களிடம். ஆடிக்கு ஆடிதான் திறக்கவேண்டும் என்பது கட்டுப்பாடு. பதினேழு சால்வைகளுக்குள்ளிருந்து அந்தப் பெண் ஏதோ சொன்னாள். மைக்கில் விழவில்லை.

அதன் பிறகு அவள் தானாகவே தேர்வு எழுதி, சென்னையில் ஒரு மூலிகை ஆய்வு நிலையத்தில் ஆய்வக உதவியாளர் வேலைக்குத் தேர்வானாள். அவள் ஆசைப்பட்டது அந்த ஒரு வேலைக்குத்தான். 11.3.2024 அன்று பதிவுத் தபாலை நானே கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தேன்; கிளை அஞ்சலகம் அப்போது என் பொறுப்பில் இருந்தது. 25ஆம் தேதி அசல் சான்றிதழ்களோடு வரவேண்டும், தவறினால் வேலை பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தது.

14ஆம் தேதி ஊர் கூடியது. சிவசங்கரி சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"பெரிப்பா, மெடல் அங்கியே இருக்கட்டும். எனக்கு அந்தக் காயிதம் மட்டும் போதும். பத்து நாள்ல போவணும்."

"ஆத்தா மடியில பத்தரமா இருக்குது. இன்னாத்துக்கு அவசரம்?" என்றார் சக்கரவர்த்தி. "கோல்டு மெடல் வாங்கின பொண்ணு நீ. அவன்தான் உன்னத் தேடிக்கினு வரணும்."

சால்வை போர்த்தியவர்களில் பதினொரு பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். பதினொரு தலையும் ஆடியது. 18.3.2021 அன்று பிற்பகல் மூன்று மணிக்கு, ஓட்டுக் கேட்டு வந்தவர் அம்மனின் வெள்ளிக் கிரீடத்தைப் பார்க்க ஆசைப்பட்டார் என்பதற்காக இதே பெட்டியைப் பங்குனியில் திறந்தார்கள். அதை நான் எடுத்துச் சொன்னேன்.

"அது வேறங்க," என்றார் அவர். "நீங்க தபால மட்டும் பாருங்க."

பல்கலைக்கழகத்தில் நகல் சான்றிதழ் கேட்கலாம். ஆனால் அசல் தொலைந்துவிட்டதாகக் காவல் நிலையத்தில் எழுதி வாங்கவேண்டும். போனாள். சான்றிதழ் எங்கே இருக்கிறது என்று மலைக்கே தெரிந்திருக்கும்போது காணவில்லை என்று எப்படி எழுதித் தருவது என்று அங்கிருந்த எழுத்தர் கேட்டார். வெறுங்கையோடு மலையேறினாள்.

ஆய்வு நிலையத்தார் நல்லவர்கள். அவள் எழுதிக் கேட்டதும் ஜூன் கடைசிவரை தவணை தந்தார்கள். இப்போது ஊராரின் மூளை வேலை செய்தது. சான்றிதழ் அம்மன் பாதுகாப்பில் உள்ளது, அதை நம்பி வேலை கொடுக்கவும் என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதினார்கள். மூன்று கவுண்டர்களும் கையெழுத்துப் போட்டார்கள். பாராட்டு விழா பேனரின் புகைப்படத்தையும் உள்ளே வைத்து விரைவுத் தபாலில் அனுப்பினார்கள். எடை இருபத்திரண்டு கிராம். பெட்டியைத் திறந்திருந்தால் அந்தத் தபால் செலவும் மிச்சம்.

அவளோடு படித்த மோகன் நான்கு அரியர்களை எழுதித் தேறியவன். ஆய்வு நிலையத்தின் பட்டியலில் அவளுக்கு அடுத்த இடம் அவனுடையது. அவன் சான்றிதழ்கள் வீட்டு அரிசி டிரம்மில் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கிடந்தன. அவனுக்கு யாரும் விழா எடுக்கவில்லை, அதனால் பிழைத்தான்.

சிவசங்கரி இப்போது சந்தவாசலில் அத்தை வீட்டில் தங்கி, ஓர் உரக்கடையில் பில் போடுகிறாள். கடைக்காரர் அவளிடம் கேட்டது கூட்டல் தெரியுமா என்று மட்டும்தான். சக்கரவர்த்தி இன்றும் மலைக்கு வருகிறவர்களிடம் அவள் பெயரைச் சொல்லித்தான் ஊரின் பெருமையை ஆரம்பிக்கிறார்.

4.8.2024 அன்று ஆடித் திருவிழாவில் பெட்டியைத் திறந்து, கோப்பைத் தாம்பாளத்தில் தேங்காய் பழத்தோடு வைத்து அவளிடம் கொடுத்தார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். அவள் வாங்கி அப்பாவிடம் நீட்டிவிட்டுப் பேருந்துக்கு நடந்தாள். அந்தப் பணியிடத்தில் மோகன் சேர்ந்துவிட்டதாக ஆய்வு நிலையம் எழுதிய கடைசிக் கடிதம் வந்து சேர்ந்தது 12.7.2024 அன்று.