டேப் ஒட்டிய பச்சைப் பொத்தான்

செருப்புத் தொழிற்சாலையின் வெட்டுப் பிரிவுக்குள் புதிதாகக் கால் வைக்கும் யாரையும் பட்டன் அக்கா வாசலிலேயே நிறுத்திவிடுவார். இதை எழுத வந்தவனுக்கும் அதே கதிதான்.

“தம்பி, நோட்டுல அப்புறம் எழுதலாம். முதல்ல ரெண்டு கையையும் நீட்டுங்க.”

நீட்டியதும் விரல்களை ஒவ்வொன்றாக எண்ணினார். “பத்து இருக்கு. போகும்போதும் எண்ணித்தான் அனுப்புவேன்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

அங்கே பன்னிரண்டு வெட்டு மெஷின்கள். தோலை விரித்து, மேலே விளிம்பு கூரான இரும்பு அச்சை வைத்து, இரண்டு பச்சைப் பொத்தான்களையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேல்தட்டு இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் தட்டுக்கு அடியில் கை மாட்ட வழியில்லை. ஆனால் ஒரு பொத்தானை டேப் ஒட்டி அமுக்கி வைத்துவிட்டால் ஒரு கை சும்மா கிடைக்கும். அந்தக் கையால் அடுத்த தோலை நகர்த்தலாம், வேலை பறக்கும். அந்த வித்தையைக் கண்டுபிடித்தவரே அக்காதான். பட்டப்பெயரும் அப்போது வந்ததுதான், பெருமையாக. அந்த நாட்களில் மேற்பார்வையாளர் டேப்பைப் பார்த்தும் பார்க்காதவர்போலப் போவார். ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் மட்டும் எல்லா டேப்பும் உரிந்துவிடும்.

அக்காவின் நாத்தனாருக்குப் பத்தொன்பது வயதில் பக்கத்து மெஷினிலேயே வேலை கிடைத்தது. வீட்டுச் சண்டையும் கூடவே வந்து சேர்ந்தது.

“ஏன் அண்ணி, நீங்க அம்பது வெட்டுற நேரத்துல எனக்கு இருபதுதான் வருது?”

“உன் வாய் ஓடுற வேகத்துல பாதி கை ஓடினா போதும்டி.”

“வாய் யாரைப் பார்த்து ஓட ஆரம்பிச்சுதுன்னு அம்மாவைக் கேளுங்க, சொல்லுவாங்க.”

கேலி செய்தாரே தவிர, அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு வாரத்தில் இலக்கை எட்டாவிட்டால் அவளை நிறுத்திவிடுவார்கள். சாப்பாட்டு இடைவேளையில் அவள் மெஷினின் இடப்பக்கப் பொத்தானில் தன் கையாலேயே டேப் ஒட்டினார். “இனிமே வலது கைக்கு மட்டும்தான் வேலை” என்றார். அன்று சாயங்காலமே நாத்தனார் நாற்பதைத் தொட்டாள்.

நான்காம் நாள் காலையில் அச்சு சற்று விலகியது. இடது கையால் அதைச் சரிசெய்யப் போனவள், பழக்கத்தில் வலது கையால் பொத்தானையும் அழுத்திவிட்டாள். சுண்டுவிரலின் நுனி நகத்தோடு போய்விட்டது.

மற்றவர்கள் அவளை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதும், மேற்பார்வையாளர் அந்த டேப்பை உரித்தெடுத்தார். விபத்துப் பதிவேட்டில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதினார். மூன்று நாள் கழித்து, கட்டுப்போட்ட கையோடு நாத்தனார் மேலாளர் அறையில் நின்றாள். அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு வேலையிலிருந்து நின்றுகொள்ள வேண்டும் என்றார்கள். டேப் ஒட்டியது யார் என்று அவள் வாயே திறக்கவில்லை. வீட்டில் தன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

அறைக் கண்ணாடிக்கு வெளியே அக்கா நின்றிருந்தார். சொன்னால் தன் வேலை போகலாம். மாமியார் முகத்தில் இனி எப்படி விழிப்பது? பேனா நாத்தனாரின் கைக்குப் போனதைப் பார்த்ததும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

“உனக்கு எதுக்கும்மா இந்த வம்பு?” என்றார் மேற்பார்வையாளர்.

“டேப்பை ஒட்டினதே நான்தான் சார். இவ மெஷின்ல நீங்க உரிச்சுட்டீங்க. மத்த பதினொண்ணுலயும் அப்படியே இருக்கு. மேனேஜர் சார், ஒரு எட்டு வந்து பாருங்க.”

“அண்ணி, பேசாம இருங்க!” என்றாள் நாத்தனார்.

“நீ கொஞ்ச நேரம் வாயை மூடுடி. நான் பேசவேண்டிய நேரம் இது.”

மேலாளர் வந்து பார்த்தார். பதினொரு மெஷின்களிலும் டேப் இருந்தது. பதிவேட்டில் அந்த வரியை அடித்து நீக்கினார்கள். நாத்தனாரின் வேலை தப்பியது. அக்காவை ஒரு மாதம் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். டேப் இல்லாமல் எட்டவே முடியாத இலக்கைக் குறைத்தார்கள். விஷயம் தெரிந்த மாமியார் ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. “அண்ணி சாப்பிடக் கூப்பிடுறாங்க” என்று நாத்தனார்தான் இருவருக்கும் நடுவில் தூது போனாள்.

இப்போது பட்டன் அக்கா பாதுகாப்புக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதி. தினமும் வேலை தொடங்குமுன் பன்னிரண்டு மெஷின்களிலும் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தனியே அழுத்திப் பார்க்கிறார். ஒற்றைப் பொத்தானுக்குத் தட்டு இறங்கினால் அன்று அந்த மெஷின் ஓடாது. நாத்தனார் அதே தொழிற்சாலையில் தையல் பிரிவில் இருக்கிறாள். இருவரும் ஒரே பேருந்தில்தான் வேலைக்கு வருகிறார்கள்.