விபூதி போட்டுத் தேய்த்த அரை டாலர்

எடிசன் நகரில் எங்கள் பக்கத்து வீட்டு அமெரிக்கப் பெண் அந்தப் பழைய வெள்ளி அரை டாலரை என்னை நம்பித்தான் கொடுத்தாள். நான் ஆபீஸில் மாட்டிக்கொண்டால் என் மகளை டேகேரிலிருந்து கூட்டி வருபவள் அவள். காசு, இறந்துபோன அவள் அப்பாவுடையது. அரிய வகை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

"அப்பா சொன்னது சரியா என்று மட்டும் பார்த்துச் சொல்."

இந்தக் காசுகளை வகை பிரிப்பது என் பைத்தியம். அந்தக் காலத்தில் அச்சுகளைக் கையால் வெட்டினார்கள். ஒரே ஆண்டுக் காசிலும் அச்சுக்கு அச்சு நட்சத்திரம் நகர்ந்திருக்கும், எண் சாய்ந்திருக்கும். இதன் பின்பக்கத்தில் இருக்கும் கழுகின் இறக்கைக்குக் கீழே மயிரிழை போல ஒரு கோடு மேடாக இருந்தால் அரியது. புதன்கிழமை லென்ஸில் பார்த்தபோது கோடு இருப்பது போலத்தான் தெரிந்தது. போட்டோ எடுத்தேன்; மகள் கையை இழுத்ததில் அது கலங்கிவிட்டது. அவளுக்கு எட்டாமல் இருக்கட்டும் என்று பூஜை அலமாரியில் வைத்தேன்.

மறுநாள் வேலை முடிந்து வந்தால், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா வெள்ளி விளக்கோடு அதையும் விபூதி போட்டு அழுத்தித் தேய்த்து, குங்குமம் வைத்திருந்தாள்.

"கன்னங்கரேல்னு கெடந்துதுடி. லட்சுமி கணக்கா ஒரு பொம்பள முகம் வேற. மனசு கேக்கல."

"ஐயோ, அது அடுத்தவங்களோடதும்மா! பழைய காசைத் தேய்க்கவே கூடாது!"

"வெள்ளின்னா தேய்க்கத்தான் செய்வாங்க. அழுக்கா குடுத்தா, பளபளன்னு திருப்பி வாங்கிக்கப்போறா. கசக்குதா?"

"மம்மி, இட்ஸ் சோ ஷைனி!" என்றாள் மகள்.

லென்ஸில் காசு முழுக்கப் புதுக் கீறல்கள். இறக்கைக்குக் கீழே வழவழப்பு. கோடு தேய்ந்துவிட்டதா, முதலிலேயே இல்லையா? புதன்கிழமை நான் பார்த்தது கோடுதானா, இல்லை என் ஆசையா? மேஜை விளக்கைச் சாய்த்தேன், காசைச் சாய்த்தேன். அரியதுதான் என்று சொல்லிவிட்டால் என்ன? பிறகு வேறு யாராவது பார்த்துவிட்டால்? அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கக் கூடாதா?

காலிங் பெல் அடித்தது. நான் போவதற்குள் அம்மா என் கையிலிருந்து காசை வாங்கித் தட்டில் வைத்து, வாசலில் நின்ற பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பெருமையாக நீட்டினாள்.

"எவ்வளவு அழகு! இது இப்படி மின்னி நான் பார்த்ததே இல்லை" என்றாள் அவள். "அப்பா சொன்னது சரிதானே?"

"தெரியவில்லை" என்றேன். "இனி யாராலும் சொல்ல முடியாது என்றுதான் நினைக்கிறேன்." எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் சிரிப்பு நின்றது. குங்குமத்தைத் துடைக்கக் கொண்டுபோன கட்டைவிரல் காசுக்கு மேலேயே நின்றுவிட்டது.

"இதை நான் தொடலாமா?" என்று என்னைக் கேட்டாள்.