அலெத்தா யாரையும் நம்பவில்லை

பத்திரிகையில் ‘கான்சன்ட்ரேஷன் கேம்ப்’ என்று படிப்பவர்கள் இப்போது ஜெர்மன்காரனைத்தான் நினைக்கிறார்கள். நினைக்கட்டும், அவன் செய்த அட்டூழியத்துக்கு ஈடே கிடையாது. ஆனால் அந்த ஏற்பாடு அவனுக்கு முந்தியது. கியூபாவில் ஸ்பெயின்காரன் கிராமத்து ஜனங்களைத் திரட்டி அடைத்தான். சில வருஷங்களில் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷ்காரன், டச்சு வம்சத்துக் குடியானவர்களான போயர்களை, எங்களை, அடைத்தான். சண்டை போடுகிற ஆண்களுக்குச் சாப்பாடும் சேதியும் போகாதபடி பெண்டு பிள்ளைகளை ஒரே இடத்தில் குவிப்பது, அவ்வளவுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். கொல்வது என்று அதில் எங்கேயும் இல்லை. குவித்துவிட்டால் மீதியைத் தட்டம்மையும் பேதியும் பார்த்துக்கொண்டன. எங்கள் முகாமை ஒட்டிய ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கறுப்பர்களுக்குத் தனி முகாம் இருந்தது. அங்கே எத்தனை பேர் செத்தார்கள் என்று நாங்கள் கேட்கக்கூட இல்லை. வெட்கக்கேடு!

1901இல் எங்கள் முகாமுக்கு அந்தப் பெயர்கூட வைக்கவில்லை. பலகையில் ‘அகதி முகாம்’ என்றுதான் இருந்தது. அலெத்தா போஸ்ஹாஃப் இரண்டு பிள்ளைகளோடு வந்து இறங்கிய அன்று, வாசலில் குமாஸ்தாவோடு சண்டை பிடித்தாள்.

“அகதின்னு எழுதறியா? என் வீட்டுக்கு நெருப்பு வெச்சது யாரு? உங்க பட்டாளம். நானா வந்து உங்ககிட்ட அடைக்கலம் கேட்டேன்?”

“எல்லாருக்கும் அப்படித்தாம்மா எழுதறோம்.”

“எல்லாருக்கும் பொய்யா? நல்ல உத்தியோகம்டா சாமி!”

அவன் அகதி என்றே எழுதினான். அதற்குப் பிறகு அங்கே யார் எதைச் சொன்னாலும் அவள் நம்பவில்லை.

என் கூடாரத்தில்தான் அவளுக்கு இடம் கொடுத்தார்கள். எனக்கு அப்போது நான்கு மாதக் கைக்குழந்தை, பெயர் பிரான்ஸ். அவள் புருஷனும் என் புருஷனும் இன்னும் சரணடையாமல் மலைப்பக்கம் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ரேஷன் சர்க்கரை வந்ததும் அலெத்தா அதைக் கறுப்புப் பாவாடையில் கொட்டிப் பரப்புவாள். அதில் நீலப் பொடி தெரியும். “பாத்தியா கேர்பி, விஷம். நம்ம பிள்ளைங்கள மொத்தமா முடிக்கப் பாக்கறாங்க” என்பாள். நானும் நம்பினேன். வெள்ளையாகத் தெரிய ஆலைக்காரன் போடுகிற நீலம் அது என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

அவள் மகன் வில்லத்துக்குத் தட்டம்மை வந்து ஆஸ்பத்திரிக் கூடாரத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆறாம் நாள் அவன் உடம்பைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார்கள். அவள் அழவில்லை. “என்ன ஊசி போட்டாங்களோ” என்று மட்டும் சொன்னாள்.

அதனால் ஐந்து வயது லெனிக்குக் காய்ச்சல் கண்டபோது அவள் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. தினமும் காலையில் நர்ஸ் கூடாரம் கூடாரமாகப் பார்த்துக்கொண்டு வருவாள். அந்த நேரம் லெனியை மரப்பெட்டிக்குள் படுக்க வைத்து, காற்றுக்காக மூடியடியில் ஒரு கரண்டியைச் சொருகி, மேலே உட்கார்ந்து அலெத்தா காலுறை பின்னுவாள்.

“நீ வாயத் தொறந்தேன்னு வெச்சிக்கோ கேர்பி, உன் சங்க நெரிச்சிடுவேன்.”

“எனக்கென்ன அக்கா, நான் எதுக்குச் சொல்லப்போறேன்?”

நாலாம் நாள் லெனியின் மூச்சு கர்கர் என்று கேட்க ஆரம்பித்தது. எனக்கோ பால் வற்றிவிட்டது, பிரான்ஸ் கத்தக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான். தண்ணீர் வரிசையில் நர்ஸ் என்னைத் தனியே கூப்பிட்டாள். “நோயாளிய யாரு ஒளிச்சு வெச்சிருக்காங்கன்னு சொல்லு. உன் குழந்தைய டின் பால் பட்டியல்ல சேக்கறேன்.” நான் யோசிக்கவே இல்லை. “பெட்டி” என்றேன்.

மறுநாள் காலையில் நர்ஸ் நேராகப் பெட்டி முன் வந்து நின்றாள். கூட இரண்டு ஆட்கள். அலெத்தாவைத் தூக்கி நகர்த்திவிட்டு லெனியை எடுத்துப் போனார்கள். அலெத்தா அவர்களைத் திட்டவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

“எத்தன டின்னுக்கு?”

“அய்யோ அக்கா, பிள்ள மூச்சுத் திணறிச்சே, பொழைக்கட்டுமேன்னுதான்...”

“எத்தன டின்னுக்குடி?”

அன்றைக்கே அலெத்தா எங்கள் நடுவே ஒரு கம்பளியைத் தொங்கவிட்டாள். வரிசை முழுக்க என்னை உளவாளி என்றார்கள். பிரான்ஸ் பால் குடித்தான். பதினோரு நாள் குடித்தான், அப்புறம் பேதியில் போய்விட்டான்.

லெனி பிழைத்தாள். ஐந்து வாரம் கழித்து மொட்டைத் தலையோடு, எலும்பும் தோலுமாக நடந்தே வந்தாள். பக்கத்துக் கூடாரத்துப் பெண்கள், “கேர்பி சொல்லலேன்னா பெட்டிக்குள்ளயே போயிருக்கும்” என்று பேச ஆரம்பித்தார்கள். அது எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது தெரியுமா! அப்படியே விட்டிருக்கலாம்.

அலெத்தா விடவில்லை. கம்பளியை விலக்கிக்கொண்டு லெனியின் கையைப் பிடித்தபடி என் முன்னால் வந்து நின்றாள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பால் தரேன்னு அவ சொல்லலேன்னா, நீ சொல்லியிருப்பியா?”

லெனி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாட்டேன்” என்றேன். “உன் பொண்ணப் பத்தி நெனைக்கவே இல்ல.”

அவள் என்னை அறைவாள் என்று கன்னத்தைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் அறையவில்லை.

“இந்த முகாம்ல என்கிட்ட நெசத்தச் சொன்னது நீ ஒருத்திதான்” என்றாள்.

பிறகு வாளியை எடுத்தாள். லெனியை என் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் தண்ணீர் பிடிக்கப் போனாள்.