எதிர்க்கடை வம்சம்

என் அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருடமாக அதே வேலை. எந்தக் கட்டடத்து லிஃப்ட்டுக்கு எந்த வருடம் கம்பிக்கயிறு மாற்றினார்கள், மாற்றியவர் யார், அவர் ஏன் அதை ஒழுங்காக மாற்றவில்லை என்பதெல்லாம் அத்தானுக்கு விரல் நுனியில். அப்படிப்பட்டவரை ஒரு பல் டாக்டர் ஒரே கேள்வியில் வாயடைக்க வைத்துவிட்டார்.

மேல் அண்ணத்தில், முன்பற்களுக்குப் பின்னால், அத்தானுக்குக் கூடுதலாக ஒரு பல் இருந்தது. எல்லோருக்குமே அங்கே ஒன்று இருக்கும் என்று ஐம்பத்திரண்டு வயதுவரை அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"இது சில பேருக்குக் குடும்ப வழியா வரும். உங்க வீட்ல வேற யாருக்கு இருந்துச்சு? அப்பாவுக்கா, தாத்தாவுக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

"தாத்தா பேரு தெரியும் டாக்டர். பல்லு தெரியாது."

"அவரோட அப்பா?"

அத்தான் வாயைத் திறந்தபடியே இருந்தார். பல்லைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் மூடவில்லையாம்.

அன்று சாயங்காலம் கன்னத்தில் பஞ்சோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். "ஏன் மாப்ள, ஒரு லிஃப்ட்டு ரெண்டாவது மாடிக்கு மேல ஏறலன்னா நான் சும்மா விடுவேனா? என் குடும்பம் அங்கதான் நிக்குது. தாத்தாவுக்கு மேல ஒண்ணுமே தெரியல." பல் போன துக்கத்தைவிட இது பெரிய துக்கமாக இருந்தது.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நகராட்சி அலுவலகத்தின் பழைய ஆவண அறைக்குப் போனார். நான் துணைக்குப் போனேன். அங்கே பொறுப்பில் இருந்த அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். மேஜைமேல் ஈரப் பஞ்சுக் கிண்ணம் ஒன்று. அதில் விரலைத் தொட்டுத் தொட்டுத்தான் பக்கம் புரட்டுவார். அத்தான் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"எங்க கொள்ளுத்தாத்தா இருக்காருங்களா?"

"இருந்தா இங்க எதுக்கு வர்றீங்க?" என்றார் ஆவண அறை அம்மா. பிறகு ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். "முதல்ல உங்களப் பத்தி எழுதுங்க. அப்புறம் அப்பா அம்மா. அப்புறம் தாத்தா. ஒரு ஆள நிச்சயம் பண்ணாம அடுத்த ஆள்கிட்ட போகக் கூடாது."

"நடுவுல நிக்காம நேரா மேல போக முடியாதுங்களா?"

"இது லிஃப்ட் இல்லீங்க."

அத்தானின் தொழில் அந்த அம்மாவுக்குத் தெரியாது. அதனால் அந்தப் பதில் இன்னும் நன்றாகச் சுட்டது.

வீட்டுக்கு வந்து தன்னைப் பற்றி எழுத உட்கார்ந்தார். ஐந்து நிமிட வேலை என்று நினைத்தது நான்கு நாள் ஆனது. பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதி, பள்ளிக்கூடச் சான்றிதழில் வேறொரு தேதி. பள்ளிக்கூடக் கணக்குப்படி அத்தான் தன் சொந்த அண்ணனைவிட நான்கு மாதம் மூத்தவர். அண்ணன் பேருந்து நிலையத்தில் நேரம் குறிப்பவர். நிமிடம் பிசகினாலே முகம் சுருங்கும். அவர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுக் கண் கலங்கினார்.

"அம்பத்திரெண்டு வருஷமா அண்ணனா இருந்துட்டேன். இப்போ திடீர்னு தம்பியா இருன்னா எப்படிடா இருக்கறது?"

ஆவண அறை அம்மாதான் அதைத் தீர்த்துவைத்தார். "சம்பவம் நடந்தப்பவே எழுதுன தாள நம்புங்க. பின்னால வசதிக்கு எழுதுனத ரெண்டாவதா வைங்க. பள்ளிக்கூடத்துல சேர்க்கறப்போ வயசக் கூட்டிப் போடறது எல்லா வீட்லயும் நடந்ததுதான்." அண்ணன் பழையபடி அண்ணனானார். ஆனாலும் அந்த வாரம் முழுக்க அத்தானிடம் கொஞ்சம் மரியாதையாகத்தான் பேசினார்.

அடுத்து, குடும்பத்தில் உயிரோடு இருக்கிற மூத்தவரைக் கேட்க வேண்டும் என்றார் அந்த அம்மா. அது அத்தானின் அத்தை. எண்பத்து நான்கு வயது, நல்ல நினைவு, அதைவிட நல்ல கோபம். தனக்குப் பிடிக்காத எவரையும் சொந்தம் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்.

"உங்க பெரிய அண்ணன் பத்திச் சொல்லுங்க அத்தை."

"அவன் நம்ம குடும்பமே இல்ல."

"உங்களோட பொறந்தவர்தானே?"

"பொறந்தா ஆச்சா? எழுதிக்கோ, இல்லன்னு."

அத்தான் எழுதிக்கொண்டார். இரண்டு மணி நேரத்தில் பதினொரு பேர் குடும்பத்துக்குள் வந்தார்கள், ஏழு பேர் வெளியே போனார்கள். அதைப் பார்த்த ஆவண அறை அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "சொன்னது யாருன்னு பக்கத்துலயே எழுதுங்க. ஞாபகத்துல சொன்னதா, கோவத்துல சொன்னதான்னும் குறிங்க. உறுதியாகாத எதையும் பென்சில்ல மட்டும் எழுதுங்க."

கோபமில்லாமல் அத்தை பேரைச் சொல்லிப் பேசியது ஒரே ஒருவரைப் பற்றித்தான். அத்தானின் கொள்ளுத்தாத்தா, அதாவது அத்தையின் தாத்தா, பாலத்துத் தெருவில் கடிகாரம் பழுது பார்த்தார். "மூணு படி ஏறிப் போகணும் கடைக்கு" என்றும் அத்தை சொன்னார். பேரையும் தொழிலையும் தெருவையும் குறித்துக்கொண்ட அத்தான் படிகளை விட்டுவிட்டார். படிக்கட்டு விஷயத்தில் அவருக்கு என்றுமே அக்கறை கிடையாது.

பழைய வீட்டுவரிப் பதிவேட்டில் அவர் கிடைத்தார். அதே பெயர், கடிகாரத் தொழில், பாலத்துத் தெரு, கதவு எண் இருபத்தொன்று. அத்தான் பதிவேட்டின் மேலேயே குனிந்து அழுதார். "தாள் நனையுது" என்றார் ஆவண அறை அம்மா. பிறப்புப் பதிவேட்டில் அந்தக் கடிகாரக்காரருக்கு ஐந்து பிள்ளைகள். நான்கு பேருக்குப் பெயர் இருந்தது. ஐந்தாவதுக்கு 'ஆண் குழந்தை' என்று மட்டும்.

"அதுதான் எங்க தாத்தா!"

"எப்படிச் சொல்றீங்க?"

"இடம் காலியா இருக்கே."

பென்சில், பென்சில் என்று அந்த அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டார். அத்தான் அதற்குள் பேனாவைத் திறந்துவிட்டார்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் அவரைப் பிடிக்க முடியவில்லை. கடிகாரக்காரரின் மற்ற நான்கு பிள்ளைகள் வழியாக உயிரோடு இருப்பவர்கள் நாற்பத்தோரு பேர். ஒவ்வொருவராகத் தேடிப் போனார். வம்ச வரைபடத்தைப் பழைய லிஃப்ட் வயரிங் படங்களின் பின்பக்கத்தில் வரைந்தார். கல்யாணத்துக்கு மூடிய சுவிட்ச், விவாகரத்துக்குத் திறந்த சுவிட்ச், குழந்தை இல்லாதவர்களுக்கு, கம்பி மண்ணோடு முடிகிற எர்த் குறி. பதினான்கு அடி நீளம் வந்தது. அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஊரெல்லாம் அலைந்தவன் நான்.

முதலில் போனது ஒரு சலவைக்கடைக்கு. கடைக்காரம்மா ஆவி பறக்கும் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்ன வேண்டும் என்றார்.

"நான் உனக்குச் சித்தப்பா" என்றார் அத்தான். லிஃப்ட் குழிக்குள் பார்க்கிற டார்ச்சை எடுத்துக்கொண்டு, "வாயத் தொற பாப்போம்" என்றார்.

ஏன் என்று கேட்காமல் அவர் வாயைத் திறந்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். உள்ளே கூடுதலாக எதுவும் இல்லை. ஆனால், "எங்க பாட்டி பக்கத்துல ஒருத்தருக்கு ஆறு விரல் இருந்துச்சு" என்றார்.

"பாத்தியா மாப்ள? கூடுதலா ஒண்ணு. ரத்தம் பேசுது" என்றார் அத்தான்.

அந்த நாற்பத்தோரு பேரும் இரண்டு கட்சியாகப் பத்தொன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். காரணம் ஒரு தையல் மெஷின். பாகப்பிரிவினையில் மெஷினின் தலை சலவைக்கடைப் பக்கத்துக்குப் போனது. மிதிக்கும் ஸ்டாண்டு மறுபக்கத்துக்குப் போனது. இரு தரப்பாரும் தங்களிடம் இருந்த பாதியைத் துணி போட்டு மூடி, பத்தொன்பது வருடம் தைக்காமல் வைத்திருந்தார்கள். புதிதாக முளைத்த சித்தப்பா எந்தக் கட்சியையும் சேராதவர், போதாக்குறைக்கு மெக்கானிக். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் ஒன்றாகப் பூட்டி, எண்ணெய் விட்டு, ஆறு மாதம் இங்கே ஆறு மாதம் அங்கே என்று தீர்ப்பும் சொன்னார். இரு தரப்புப் பெண்களும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அத்தான் அந்தக் குடும்பத்தின் தலைவர் போல ஆகிவிட்டார். பெயர் வைக்க, வேலை மாற, மூட்டுவலிக்கு எந்த டாக்டர் என்று எல்லாவற்றுக்கும் அவருக்குத்தான் போன் வரும்.

"நம்ம வீட்டுக் குழாய் மூணு வாரமா ஒழுகுது. அந்தக் குடும்பத்துல யார்கிட்டயாவது சொல்லி உங்க அத்தான வரச் சொல்லு" என்றாள் அக்கா என்னிடம்.

அந்தச் சமயத்தில்தான் ஆவண அறை அம்மா கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் ஒரு கட்டு கிடந்தது. மேலே 'நிலுவை மனுக்கள்' என்று எழுதியிருந்தது.

"உங்க கொள்ளுத்தாத்தா கடைக்கு எத்தன படி?"

"மூணுன்னு அத்தை சொன்னாங்க. ஏன்?"

அந்த அம்மா ஒரு பழுப்புத் தாளை எங்கள் பக்கம் திருப்பினார். எண்பத்தேழு வருடத்துக்கு முந்தைய மனு. நான்தான் உரக்கப் படித்தேன்.

'பாலத்துத் தெரு பன்னிரண்டாம் எண் கடையில் கடிகாரம் பழுது பார்க்கும் நான் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது. எனக்கு நேர் எதிரே இருபத்தொன்றாம் எண்ணில் என் பெயரையே பெயராகவும் என் தொழிலையே தொழிலாகவும் கொண்ட ஒருவன் கடை திறந்திருக்கிறான். என் கடைக்கு மூன்று படி ஏறவேண்டியிருப்பதால், என்னைத் தேடி வருகிறவர்கள் சோம்பல்பட்டுப் படியில்லாத அவன் கடைக்குள் நுழைந்துவிடுகிறார்கள். அவன் பெயரை மாற்ற உத்தரவிட வேண்டும். அவன் எனக்கு எந்த உறவும் அல்ல. அவன் வம்சத்துக்கும் என் வம்சத்துக்கும் இனி எக்காலத்திலும் உறவு ஏற்படாது என்றும் உறுதி கூறுகிறேன்.'

கீழே கையெழுத்து. அதற்குக் கீழே மகன் பெயர், சாட்சியாக. அத்தானின் தாத்தா பெயர்.

'மூன்று படி' என்ற இடத்தில் அத்தான் விரலை வைத்துத் தடவினார். எண்பத்தேழு வருடம் கழித்து, சொந்தக் கொள்ளுப்பேரனும் படி ஏறாமல் எதிர்க்கடைக்குள் நுழைந்திருக்கிறார்.

"பேரு ஒண்ணா இருந்தா ஆளு ஒண்ணுன்னு அர்த்தமில்ல. தொழிலும் தெருவும் ஒண்ணா இருந்தாலும் நாலாவதா ஒரு அடையாளம் பொருந்தணும். மொத நாளே சொல்லியிருக்கணும், என் தப்புதான்" என்றார் ஆவண அறை அம்மா, கொஞ்சம் இரக்கத்தோடு.

மறைத்துவிடலாம் என்று நான் சொன்னேன். அத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. பழுதான லிஃப்ட்டைத் தெரிந்தே ஓட விடுகிறவர் இல்லை அவர். அந்த ஞாயிறு சலவைக்கடையின் பின்கட்டில் நாற்பத்தோரு பேரையும் கூட்டினார். தொங்கிக்கொண்டிருந்த சட்டைகளுக்கு நடுவே, பாதி முகம் தெரிய எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மனுவைப் படித்தார். "நான் உங்களுக்கு யாருமே இல்ல. எதிரி வீட்டு ஆளு. மன்னிச்சிருங்க" என்றார்.

சட்டைகளை விலக்கிக்கொண்டு சலவைக்கடைக்காரம்மா எழுந்தார்.

"அப்போ தையல் மெஷின்?"

அந்தக் கேள்வி விழுந்ததும் கூட்டம் கலவரமானது. சித்தப்பாவே சித்தப்பா இல்லையென்றால் அவர் தீர்ப்பு எப்படிச் செல்லும்? தீர்ப்பு செல்லாதென்றால் தலை யாருக்கு, ஸ்டாண்டு யாருக்கு? மறுபக்கத்து ஆள் ஒருவர் ஸ்பேனரைத் தேட ஆரம்பித்தார். இரண்டு பெண்கள் மெஷினை மறித்து நின்றார்கள். பத்து நிமிடத்தில் பழைய பகை மொத்தமும் திரும்பி வந்துவிடும் போலிருந்தது.

"ஒரே வழிதான்! இவர் சித்தப்பாதான். யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" என்று சலவைக்கடைக்காரம்மா கத்தினார்.

கை தூக்கச் சொன்னார்கள். நாற்பது கைகள் உயர்ந்தன. தூக்காதவர் காது கேட்காத ஒரு பெரியவர்; அவருக்கு விஷயத்தை எழுதிக் காட்டியதும், "இதுல என்ன சந்தேகம்? மூக்கப் பாத்தாலே தெரியுதே" என்று இரண்டு கையையும் தூக்கினார்.

திங்கட்கிழமை அத்தானும் சலவைக்கடைக்காரம்மாவும் ஆவண அறைக்குப் போனார்கள். வரைபடத்தில் இந்த மாதிரி உறவை எப்படிப் போடுவது என்று கேட்டார் அத்தான்.

"புள்ளிக்கோடு போடுங்க. வளர்ப்புப் பிள்ளைக்கெல்லாம் அப்படித்தான். ஆனா காரணத்தக் கீழ எழுதணும்." சொல்லிவிட்டு அந்த அம்மா ஒரு படிவத்தை எடுத்தார். "மனு இன்னும் நிலுவையில இருக்கு. ரெண்டு பக்க வாரிசும் வந்திருக்கீங்க. கையெழுத்துப் போட்டா நான் முடிச்சிருவேன்."

மனுதாரர் வாரிசு என்ற இடத்தில் அத்தான் கையெழுத்திட்டார். எதிர்மனுதாரர் வாரிசு என்ற இடத்தில் சலவைக்கடைக்காரம்மா. அதற்குக் கீழே 'இருவருக்கும் உள்ள உறவு' என்று ஒரு கட்டம். கடைக்காரம்மா சற்றும் யோசிக்காமல் 'சித்தப்பா' என்று எழுதினார்.

ஆவண அறை அம்மா மனுவையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "மனுவுக்கே நேர் எதிரா இருக்கு" என்றார். பிறகு முத்திரை குத்தினார்.

இப்போது அத்தான் பன்னிரண்டாம் எண் கடையிலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறார், பென்சிலில். வேலை சுலபமாகத்தான் போகிறது, ஏனென்றால் கொள்ளுத்தாத்தா மனு எழுதுவதை நிறுத்தவே இல்லை. இதுவரை பதினொன்று கிடைத்திருக்கின்றன. பாலத்தின் மீது ஒன்று, தபால்காரர் மீது மூன்று, குருவிகள் மீது ஒன்று, சொந்தத் தம்பி மீது ஆறு. அவருக்கு ஒரு தம்பி இருந்தார் என்பதே அந்த மனுக்களால்தான் தெரியவந்தது. தம்பியின் முகவரி, வயது, மனைவி பெயர், பிள்ளைகள் எத்தனை, அவர்கள் என்னென்ன சத்தம் போடுவார்கள் என்பது வரை எல்லாம் அவற்றில் இருக்கிறது.